மாங்காய் ஹாரத்துக்கு ஒரு நகல்

எங்கள் கோயிலில் அம்மன் தங்கம் அணிவதில்லை. அவளுக்குத் தங்கம் பிடிக்காது என்று அர்த்தமில்லை; அவளை யாரும் கேட்கவில்லை. நிர்வாகம் போட்ட தீர்மானம் அது. கிள்ளானில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய கோயில் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். பெயரைச் சொன்னால் ஒரு நிர்வாகத்துக்குக் கோபம் வரும். சொல்லாவிட்டால், நம்மைத்தான் சொல்கிறானோ என்று பத்து நிர்வாகங்களுக்குச் சந்தேகம் வரும். எனக்கு இரண்டாவதுதான் வசதி.

சில வருடங்களுக்கு முன் வேறொரு வட்டாரத்துக் கோயிலில் திருடன் புகுந்து சாமி கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு போனான். மறுநாளே எங்கள் நிர்வாகம் அவசரமாகக் கூடியது. மீகூன் கோரேங் சாப்பிட்டார்கள், தே தாரிக் குடித்தார்கள், பிறகு ஒருமனதாக முடிவெடுத்தார்கள். இனி பக்தர்கள் கொடுக்கும் நகை எதுவானாலும் அது 'அசல்'. நேராக வங்கிப் பெட்டகத்துக்குப் போய்விடும். அதைப் பார்த்து கவரிங்கில் ஒன்று செய்யப்படும், அது 'நகல்'. அம்மனுக்கு நகலைச் சாத்துவார்கள். 'அசல் வங்கிக்கு, நகல் அம்மனுக்கு' என்று அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்தார்கள். கும்பிட வருகிறவர்கள் அதையும் ஒரு மந்திரம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போவதை நானே பார்த்திருக்கிறேன்.

விதிகளை எழுதியவர் செயலாளர் சிவேந்திரன். அரசாங்க அலுவலகத்தில் வெகுகாலம் இருந்து ஓய்வு பெற்றவர். வரும்போது நாற்காலி மேசையை மட்டும்தான் அங்கே விட்டுவிட்டு வந்தார். மற்றதெல்லாம் கூடவே வந்துவிட்டது. அவர் எழுதியதில் ஏழாம் விதி முக்கியமானது. நகல் எப்போதும் அசலைவிட ஒருபடி மட்டமாக இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் எது எதென்று குழப்பம் வரும் என்பது அவர் கவலை. மட்டமானதை அம்மனுக்குப் போடலாமா என்று குருக்கள் ஒருமுறை மெதுவாகக் கேட்டிருக்கிறார். அம்மன் தாய், அவள் பொறுத்துக்கொள்வாள், பெட்டகத்துக் கணக்கு பொறுத்துக்கொள்ளாது என்று பதில் வந்தது.

இந்த ஏற்பாடு எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் உஷாராணி வந்து சேர்ந்தாள்.

உஷாராணி போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறவள். கணவன் வாசு அதே துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறான். இரண்டு தீபாவளிக்கு முன் பிரிக்ஃபீல்ட்ஸில் ரமணி அக்கா கடையில் அவள் ஒரு கவரிங் ஹாரம் வாங்கினாள். வரிசையாக மாங்காய்கள் கோத்து, ஒவ்வொரு மாங்காயிலும் ஒரு சிவப்புக் கல் பதித்து, நெஞ்சுக்குக் கீழே வரை தொங்கும். விலை நாற்பத்தைந்து வெள்ளி. அதை முதல்முதலாகக் கழுத்தில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தபோது, தனக்கு இவ்வளவு அழகான கழுத்து இருப்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

தங்கம் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வருகிறவர்களை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஒரு கை சோற்றில் இருக்கும், மறு கை கழுத்தில் இருக்கும். மோட்டார் சத்தம் கேட்டால் முந்தானையை இழுத்து மூடுவார்கள். உஷாராணிக்கு அந்தத் தொல்லையே இல்லை. ஒரு கையால் சாப்பிட்டாள், மறு கையால் செல்ஃபி எடுத்தாள், பாட்டுப் போட்டால் எழுந்து ஆடினாள். ஒரு கல்யாணத்தில் அப்படி ஆடும்போது ஒரு கல் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அந்தப் பள்ளத்தில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்தாள், தீர்ந்தது விஷயம். பின்பக்கக் கொக்கி உடைந்தபோது சிவப்பு நூலால் கட்டிக்கொண்டாள். தங்க நகைக்கு யார் இப்படி வைத்தியம் பார்க்க முடியும்? எங்கே வாங்கினாய், எங்கே வாங்கினாய் என்று கேட்காத பெண் கிள்ளானில் பாக்கியில்லை.

அதைப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாண விருந்தில் இருந்தபோதுதான் போன் வந்தது. வாசு வேலையிடத்தில் மயங்கி விழுந்துவிட்டான். டெங்கி. பட்டுச் சேலையும் ஹாரமுமாக அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ரத்தத்தில் பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போகிறது, காத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். வராந்தாவில் நின்றவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையில் எதுவுமில்லை. கழுத்தில் அதுதான் இருந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, "தாயே, இவர எனக்குத் திருப்பிக் குடு. எங்கிட்ட இருக்கறதிலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். இத ஒன் கழுத்துல போட்டுடறேன்" என்றாள்.

வாசு பிழைத்துக்கொண்டான். எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தான். வேண்டுதலைக் கேட்டதும் அவன் முதலில் சொன்னது, "நல்ல வேள, அன்னிக்குத் தங்கம் போட்டிருக்கல. சாமிக்கும் நமக்கும் கஷ்டமாப் போயிருக்கும்லா" என்பதுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை உஷாராணி ஹாரத்தை ஒரு வெற்றிலைத் தட்டில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். குருக்கள் அலுவலகத்தைக் கைகாட்டினார். அங்கே சிவேந்திரன் இருந்தார்.

"சார், வேண்டுதல். இத அம்மனுக்குப் போடணும்."

"எத்தன பவுன்?"

"பவுன்லாம் இல்ல சார். கவரிங்."

"உண்மையச் சொன்னதுக்கு நன்றி. சில பேர் சொல்றதில்ல. சந்தோஷம்மா, ஏத்துக்கறோம்."

உஷாராணிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. கவரிங் என்றதும் விரட்டிவிடுவார்கள் என்றுதான் பயந்துகொண்டு வந்திருந்தாள். "அப்ப இன்னிக்கே போட்டுடலாமா சார்? நல்ல நாளு."

"இன்னிக்கு எப்படிமா? இது மொதல்ல பேங்க்குக்குப் போகணும். அப்புறம் இதப் பாத்து கவரிங்ல ஒண்ணு செய்யணும். அதத்தான் அம்மனுக்குப் போடுவோம்."

"சார், இதே கவரிங்தான் சார்."

"அதத்தான் சொல்லிட்டீங்களே."

"கவரிங்கப் பாத்து எதுக்கு சார் இன்னொரு கவரிங்?"

"பக்தர் குடுக்கறது அசல்மா. அசல் அம்மன் மேல படக்கூடாது. ரூல்ஸ்ல தங்கம்னு எழுதல, நகைன்னுதான் எழுதியிருக்கு. நானே எழுதினது."

"திருடன் கவரிங்க எதுக்கு சார் எடுக்கப் போறான்?"

"இது கவரிங்னு திருடனுக்கு எப்படித் தெரியும்? அவன் நம்ம மீட்டிங்குக்கு வர்றானா?"

 உஷாராணி தட்டைக் கொடுத்துவிட்டு, வெற்றிலையை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தாள்.

விஷயம் நிர்வாகத் தலைவர், டத்தோ பட்டம் வாங்கிய பாலசுந்தரத்தின் காதுக்குப் போனது. டத்தோ மேடை கிடைத்தால் விடமாட்டார். கிடைக்காவிட்டால் கட்டச் சொல்வார். சிறப்புக் கூட்டம் கூட்டி, உஷாராணிக்குப் பொன்னாடை போர்த்தி, அவளைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு பேசினார்.

"பக்தப் பெருமக்களே! சில பேர் எங்கிட்ட கேட்டாங்க, டத்தோ, கவரிங்கப் போயி பேங்க்ல வைக்கலாமான்னு. நான் கேக்கறேன், ஏன் வைக்கக்கூடாது? இந்த ஆலயத்துல ஏழை பணக்காரன் வித்தியாசம் கிடையாது. ஒரு கோடீஸ்வரர் குடுத்த தங்கத்த எப்படி அம்மன் கழுத்துல போடாமப் பாதுகாக்கறோமோ, அதே மாதிரி இந்த ஏழைச் சகோதரி குடுத்த கவரிங்கையும் அம்மன் கழுத்துல போடாமப் பாதுகாப்போம்!"

கைதட்டல் அடங்க நேரமானது. டத்தோ தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"நான் தலைவரா வந்த நாள்ல இருந்து, பக்தர்கள் குடுத்த ஒரு குண்டுமணிகூட அம்மன் மேல பட்டதில்ல. இத நான் நெஞ்ச நிமிர்த்திச் சொல்றேன். முடிஞ்சா வேற எந்த நிர்வாகமாவது சொல்லட்டும் பாப்போம்!"

வங்கி கோயிலுக்கு எதிர்ச்சாரியில், சாலையைக் கடந்தால் போதும் என்ற தூரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் வேன் வந்தது. துப்பாக்கி ஏந்திய காவலர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஹாரம் வெல்வெட் பெட்டியில் ஏறி, நாதஸ்வரம் முன்னே போக, ஒருவழிப்பாதை என்பதால் ஊரைச் சுற்றிக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போய்ச் சேர்ந்தது. சாலையைக் கடந்து நடந்துபோன உஷாராணி அதற்குள் வங்கி வாசலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தாள். வங்கியிலிருந்த மலாய்ப் பெண் அதிகாரி பெட்டியைத் திறந்து பார்த்து, "இனி எமாஸ்கா?" என்று கேட்டார், இது தங்கமா என்று. "புக்கான் புவான், கவரிங்" என்றாள் உஷாராணி, இல்லைங்க என்று. அதிகாரி அவளைப் பார்த்தார், துப்பாக்கிகளைப் பார்த்தார், டத்தோவைப் பார்த்தார். அப்புறம் பெட்டகச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. பிளாஷ் வெளிச்சத்தில் ஹாரம் தகதகவென்று ஜொலித்தது. 'துறைமுகத் தொழிலாளியின் மனைவி அம்மனுக்கு ஹாரம் காணிக்கை. பலத்த பாதுகாப்புடன் வங்கியில் சேர்ப்பு' என்று எழுதியிருந்தார்கள். கவரிங் என்ற சொல்லுக்கு இடம் போதவில்லை போலிருக்கிறது. அன்று மாலையே டெங்கில் என்ற ஊரிலிருந்து வாசுவின் சித்தப்பா மகன் போனில் பேசினான். பத்து வருடமாகப் பேசாதவன். அண்ணே, ஒடம்பு எப்படியிருக்கு என்று ஆரம்பித்து, வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டியிருக்கிறது என்று முடித்தான். முதலாளி வாசுவை ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கினார். அலாரம் விற்கிறவன் வீடு தேடி வந்துவிட்டான்.

"இருந்த ஒரு கவரிங்கும் போச்சி, பணக்காரன்னு பேரும் வந்துருச்சி" என்றான் வாசு.

அவன் சிரித்தான், உஷாராணியால் சிரிக்க முடியவில்லை. வாக்குக் கொடுத்தது அவள். கேட்டது பலித்துவிட்டது, கொடுக்க வேண்டியது இன்னும் போய்ச் சேரவில்லை. நடுவில் ஒருநாள் வாசுவுக்கு லேசாக உடம்பு சுட்டது. வெறும் சளிக்காய்ச்சல்தான் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அவள் நேராகக் கோயிலுக்கு ஓடி, அம்மன் முன்னால் நின்று வாய்விட்டு அழுதாள். "நான் குடுத்துட்டேன் தாயே. அவங்கதான் ஒனக்குக் குடுக்க மாட்டேங்கறாங்க. எங்கமேல கோவப்படாத."

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். "சார், அத திருப்பிக் குடுத்துடுங்க. எனக்கு நகல் கிகல் எதுவும் வேணாம். குருக்கள்ட்ட சொல்லி ஒரு நாள், ஒரே ஒரு நாள் போட்டுட்டு எடுத்துக்கறேன்."

சிவேந்திரனுக்கு உண்மையிலேயே இரக்கம் வந்தது. "அது இப்ப ஒங்க சொத்து இல்லம்மா, அம்மன் சொத்து. வெளிய எடுக்கணும்னா சொத்துக்காரங்க கையெழுத்து வேணும்" என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூலஸ்தானத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆடித் திருவிழாவுக்குள்ள நகல் ரெடியாயிடும்மா. கவலப்படாதீங்க" என்றார்.

நகல் செய்ய டெண்டர் விட்டார்கள். செராஸில் கூடாரம் வாடகைக்கு விடும் ஒரு கம்பெனிக்கு அது கிடைத்தது. நகைக்கும் கூடாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். கம்பெனிக்கும் டத்தோவுக்கும் சம்பந்தம் உண்டு. கூடாரக்காரர் வேலையைச் செலாயாங்கில் மாலை கட்டுகிற ஒருவருக்குக் கைமாற்றினார். மாலைக்காரர், தங்கை வீடு பிரிக்ஃபீல்ட்ஸில் இருப்பதால், தங்கை மகனிடம் போட்டோவைக் கொடுத்தனுப்பினார். அவன் அதை எடுத்துக்கொண்டு நேராக ரமணி அக்கா கடைக்குள் நுழைந்தான். இதையெல்லாம் ரமணி அக்காவே பின்னால் சொல்லித்தான் தெரியும்.

"அக்கா, இத மாதிரி ஒண்ணு செய்யணும்."

ரமணி அக்கா போட்டோவைப் பார்த்தார். குனிந்து, கீழ்த்தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே பிளாஸ்டிக் உறை பிரிக்காத அதே மாங்காய் ஹாரங்கள் அடுக்கடுக்காக இருந்தன. "எதுக்குச் செய்யணும்? இந்தா, அதே சரக்கு. எத்தன வேணும்?"

"ஒண்ணு போதும். ஆனா அசலவிட ஒருபடி மட்டமா இருக்கணுமாம் அக்கா. ரூல்ஸாம்."

ரமணி அக்காவின் முகம் மாறிவிட்டது. "இதவிட மட்டமா என் கடையில கெடையாது தம்பி. வேற எடம் பாரு."

அவன் வேறு இடம் பார்க்கவில்லை. உள்ளதையே வாங்கிக்கொண்டு போய்விட்டான். அது மாலைக்காரரிடமும் கூடாரக்காரரிடமும் ஒவ்வொரு நாள் தங்கி, தங்கிய இடத்தில் எல்லாம் விலை கூடி, ஆடி பிறந்தபோது கோயிலுக்கு வந்து சேர்ந்தது.

விதிப்படி சாத்துவதற்கு முன் நகலை அசலுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பெட்டகத்திலிருந்து அசல் வரவழைக்கப்பட்டது, மறுபடியும் வேனில், ஊரைச் சுற்றி. உபயதாரர் என்ற முறையில் உஷாராணியும் வரவேண்டும் என்றார்கள். ஒப்பிடுவதற்கு நகை மதிப்பீட்டு ஆலோசகர் நாகையா வந்திருந்தார். பாரபட்சம் கூடாது என்பதற்காகச் சிவேந்திரன் இரண்டு ஹாரத்தையும் ஒரே தட்டில் போட்டு, மேலே பட்டுத்துணியை மூடிக் கொண்டுவந்து வைத்தார். எதை எந்தப் பக்கம் வைத்தார் என்பதை யாரும் கவனிக்கவில்லை, அவர் உட்பட.

நாகையா துணியை விலக்கினார். உரைகல்லை எடுத்து முதல் ஹாரத்தை உரசினார். இரண்டாவதை உரசினார். சொட்டு அமிலம் விட்டார். அலுவலகம் மூச்சுவிடாமல் காத்திருந்தது.

"ரெண்டும் தங்கம் இல்ல" என்றார்.

"அது தெரியும் நாகையா. அசல் எது, அதச் சொல்லுங்க" என்றார் டத்தோ.

நாகையா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒன்று புதுக்கருக்கு மாறாமல் பளபளவென்று இருந்தது. இன்னொன்றில் மெருகு கொஞ்சம் மங்கியிருந்தது. அதிக நேரம் யோசிக்கத் தேவையில்லாமல் போயிற்று. பளபளப்பானதைத் தூக்கிப் பிடித்து, "இது அசல்" என்றார். பத்திரிகைப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அதிலும் தகதகவென்றுதான் இருந்தது. சந்தேகமே இல்லை.

"இல்ல சார்! அது இல்ல, இதுதான் என்னுது" என்று மற்றதைத் தொட்டாள் உஷாராணி. "இந்த மாங்காயில கல்லு விழுந்துருச்சி, நான்தான் நெயில் பாலிஷ் வெச்சேன். இங்க பாருங்க, இந்த நூலு, நான் கட்டினது."

டத்தோ அதை வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்லப் பெருமிதம் பரவியது. "செயலாளர், பாத்தீங்களா? நூலு மொதக்கொண்டு காப்பி பண்ணியிருக்கான்! நம்ம காண்ட்ராக்டர் சாதாரண ஆளு இல்ல."

"சார், அப்ப அந்த இன்னொண்ணுல ஏன் சார் நூல் இல்ல?"

"அதுக்குத்தாம்மா ஏழாம் விதி. நகல் ஒருபடி மட்டமா இருக்கணும்" என்று சிவேந்திரன் பொறுமையாக விளக்கினார். "எவ்வளவு மட்டம்னு நாங்க எழுதல. அவரா யோசிச்சி, ஒரு கல்லக் கொறச்சி, கொக்கிய ஒடச்சி, நூலு கட்டிக் குடுத்திருக்கார். இந்த மாதிரி விதிய மதிச்சி வேல செய்யறவங்க இப்ப கெடைக்கறது கஷ்டம்."

"சார், நான் போட்டு ஆடின ஹாரம் சார் இது. எனக்குத் தெரியாதா?"

"பாசம்மா. பாசம் கண்ண மறைக்கும்" என்றார் டத்தோ. "ஒங்க காணிக்க இவ்வளவு மட்டமாவா இருக்கும்? நீங்களே ஒங்களக் கொறச்சி எட போடாதீங்க. நிர்வாகம் ஒங்கமேல அதவிட மதிப்பு வெச்சிருக்கு."

உஷாராணி இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அப்போது சிவேந்திரன் பளபளப்பானதை எடுத்து வெல்வெட் பெட்டிக்குள் வைத்து மூடினார். மங்கலானது தட்டிலேயே கிடந்தது. அவள் பெட்டியைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள்.

"சார்," என்றாள், குரல் இறங்கிவிட்டது. "அப்ப இந்த மட்டமானது எங்க போகும்?"

"அம்மனுக்குத்தாம்மா. வேற எங்க?"

  சிரித்துவிடுவோமோ, அழுதுவிடுவோமோ என்று பயந்து அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா. ஒங்களுக்குத் திருப்திதானே? அப்புறம் நிர்வாகம் ஏமாத்திடுச்சின்னு பேச்சு வரக்கூடாது" என்றார் டத்தோ.

"நீங்க சொல்றதுதான் சார் சரி" என்றாள் உஷாராணி. "எனக்குத்தான் கண்ணு சரியாத் தெரியல."

ஆடித் திருவிழா அன்று கூட்டம் தாங்கவில்லை. வாசு, தொளதொளத்த வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றான். திரை விலகியது. அம்மன் கழுத்தில் ஆறேழு நகல்கள், எல்லாவற்றுக்கும் மேலே மாங்காய் ஹாரம். ஒவ்வொரு மாங்காயிலும் தீபத்தின் வெளிச்சம் பட்டுத் தெறித்தது. ஒரு மாங்காயில் மட்டும் தெறிக்கவில்லை. அங்கே நெயில் பாலிஷ், ஒரு குங்குமப் பொட்டைப் போல அமைதியாக இருந்தது. உஷாராணி அந்தப் புள்ளியைத் தேடிக் கண்டுபிடித்து, வாசுவின் கையைப் பிடித்துக்கொண்டு, பொலபொலவென்று அழுதாள்.

சாலைக்கு எதிர்ப்புறத்தில், ரமணி அக்கா கடையின் புதுச் சரக்கு ஒன்று, இரட்டைப் பூட்டுக்குள் இருபத்துநாலு மணிநேரக் காவலோடு பத்திரமாக இருந்தது.

அவள் அழுவதைச் சிவேந்திரன் பார்த்துவிட்டார். நல்ல மனிதர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து, காதருகே மெதுவாகச் சொன்னார்: "மனசு கஷ்டப்படாதீங்கம்மா. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், அம்மன் மேல டூப்ளிகேட்டப் பாக்கறப்ப. ஒங்களோடது பத்திரமா இருக்கு. வருசத்துக்கு ஒரு தடவ பேங்க்ல போய்ப் பாக்கலாம், நானே கூட்டிட்டுப் போறேன்."

"வேணாம் சார்" என்றாள் உஷாராணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எனக்கும் அம்மனுக்கும் டூப்ளிகேட்டே போதும்."